ஸ்பிரிங் தொட்டில்: ஐந்து மாதம் ஆட்டிப் பார்த்தபின்

முதலில் என்ன வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 'தொட்டில் செட்' என்று தேடினால் வரிசையாக வருமே, அதில் ஒன்று. நீள ஸ்பிரிங், எஸ் கொக்கி இரண்டு, துணியை விரித்துப் பிடிக்க ஓர் இரும்புக் கம்பி, ஜிப் வைத்த கொசுவலையோடு பூப்போட்ட தொட்டில் துணி, உள்ளே போட ஸ்பாஞ்சு மெத்தை. 1,450 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். நான் பார்த்தவரை எல்லாம் ஒரே சரக்குதான், பூ மட்டும் வேறு.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு: அந்தச் செட்டில் உருப்படியானது ஸ்பிரிங் மட்டும்தான். அது தனியாகவே ஹார்டுவேர் கடையில் இருநூறு, இருநூற்றைம்பதுக்குக் கிடைக்கிறது. மிச்சத்துக்கு வீட்டில் ஒரு பழைய புடவை இருந்தால் போதும். இனிமேல் நேரம் இருப்பவர்கள் படிக்கலாம்.

தலைப்பிரசவம் என்பதால் திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் இருந்தேன். பாப்பா பிறந்தபோது 2 கிலோ 800 கிராம். முதல் பதினைந்து நாள் பால் குடிப்பதும் தூங்குவதுமாகவே போனது. பார்சல் பீரோ மேலேயே கிடந்தது. மூன்றாம் வாரம்தான் அவளுக்குக் குரல் திறந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது வரை. பால் கொடுத்தாயிற்று, ஏப்பம் எடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, அழுகை மட்டும் அப்படியே. டாக்டர், "ஆறு வாரம் வரைக்கும் இது ஏறும்மா, அப்புறம் தானா இறங்கும்" என்றார். அம்மா டாக்டருக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். அன்றைக்குத்தான் பார்சலைப் பிரித்தோம்.

அப்பா நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் அரம் பிடித்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஸ்பிரிங் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மனிதர் சும்மா இருக்க மாட்டார். துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் எடுத்து, இழுத்து, விட்டு, காதோரம் வைத்து விரலால் சுண்டினார்.

"கம்பி பரவால்ல. கொக்கிதான் சொத்தை."

எஸ் கொக்கியின் இரண்டு வாயும் திறந்தே இருக்கும். குழந்தை துள்ளத் துள்ள வளையம் மெல்ல மேலேறி நழுவிவிடும் என்றார். பழைய பட்டறைக்குப் போய் வைஸில் வைத்து நெருக்கி, வாயை மூடிக் கொண்டுவந்தார். வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள். கொக்கியின் வாய் மூடியிருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு நடுவே கயிறோ சங்கிலியோ ஓடுகிறதா என்றும் பாருங்கள். கம்பி விட்டுப்போனால் தாங்குவது அதுதான். எங்களுடையதில் நைலான் கயிறு இருந்தது.

ஹாலில் வீடு கட்டும்போதே கான்கிரீட் கம்பியோடு சேர்த்துப் போட்ட கொக்கி ஒன்று உண்டு. நானும் தம்பியும் அதில் தொங்கியவர்கள்தான். இருந்தாலும் அப்பா நம்பவில்லை. பத்து கிலோ அரிசிப் பையை ஸ்பிரிங்கில் மாட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டார். சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு, காலையில் பையை இறக்கி, ஸ்பிரிங் பழைய நீளத்துக்குத் திரும்பியதா என்று அளந்தார். திரும்பியிருந்தது. அம்மா தன் பங்குக்கு அம்மிக் குழவியைத் தொட்டிலில் போட்டு மூன்று தடவை ஆட்டிவிட்டுத்தான் பாப்பாவைக் கிடத்தவிட்டாள். தரச் சோதனை என்றால் எங்கள் வீட்டில் இரண்டு கட்டம்.

செட்டோடு வந்த துணியை நான்கு நாள்தான் பயன்படுத்தினோம். முதல் குறை, ஜிப். அரை மணி நேரம் ஆட்டித் தூங்க வைத்துவிட்டு கொசுவலையை மூடுவோம், 'சர்ர்ர்' என்ற சத்தத்தில் கண்ணைத் திறந்துவிடுவாள். இரண்டாவது, மெத்தை. சாதாரணப் புடவைத் தொட்டிலில் குழந்தை மூத்திரம் போனால் துணி வழியாக இறங்கித் தரையில் சொட்டும். கீழே ஒரு பழைய துணியை மடித்துப் போட்டால் முடிந்தது. சொட்டுச் சத்தம் கேட்டதும் துணி மாற்ற எழுந்துவிடலாம். இந்த ஸ்பாஞ்சுக்குக் கீழே பிளாஸ்டிக் தைத்திருந்தார்கள். ஈரம் அங்கேயே தேங்கி முதுகு முழுக்க நனைந்து கிடப்பாள். வெயிலில் இரண்டு நாள் காய வைத்தும் அந்த நாற்றம் போகவில்லை.

ஐந்தாம் நாள் அம்மா பெட்டியைத் திறந்து சின்னாளப்பட்டி சுங்குடி ஒன்றை எடுத்தாள். ஊதா நிறம், வெள்ளைப் புள்ளி. துவைத்துத் துவைத்துப் புள்ளிகள் பாதி அழிந்து, கையில் எடுத்தால் நழுவிக்கொண்டு போகிற பதம். நாலாக மடித்து முடிச்சுப் போட்டு ஸ்பிரிங்கில் மாட்டினாள். ஐந்து மாதமும் அதுதான் ஓடியது. ஸ்பிரிங் வளையத்துக்குள் முடியோ விரலோ மாட்டாதிருக்க, மிச்சத் துணியில் அதற்கு ஒரு உறையும் தைத்துப் போட்டாள். முதல் வாரம் கிறீச் கிறீச்சென்று சத்தம் வந்ததற்குத் தேங்காயெண்ணெய் தடவியது என் தவறு. தூசி ஒட்டி, கறுப்பாக ஒரு சொட்டு புடவையில் விழுந்தது. வாசலின் போதும், அதுவும் கொக்கி உரசுகிற இடத்தில் மட்டும்.

இப்போது கயிறு. இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா முதல் ஒரு மாதம் பாப்பாவைத் தூக்கவே இல்லை. அரம் பிடித்த கை, உள்ளங்கையெல்லாம் காய்ப்பு; "தோலு கீறிரும்மா" என்று தள்ளியே நிற்பார். தொட்டில் போட்ட மறுநாள் தொட்டிலின் ஓரத்தில் சணல் கயிறு ஒன்றைக் கட்டி, மறு நுனியைத் தன் ஈசிசேர் வரை கொண்டுபோனார். ஒரு கையில் பேப்பர், ஒரு கையில் கயிறு. இழுத்துவிட்டு ஒரு பத்தி படிப்பார். மறுபடி இழுப்பார். முனகல் கேட்டால் கொஞ்சம் வேகம், மூச்சு சீரானால் மெதுவாக, அப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம் சும்மா ஒரு தொடல். நான் பால் கொடுத்துக் கொடுத்து அசந்து கிடந்த சாயங்காலங்களில், அந்தக் கயிறு நாற்காலிக் கையில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். தொட்டிலுக்கு நான் ஏதாவது மார்க் போட்டால் அதில் பாதி அந்தக் கயிற்றுக்கு.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம். விழித்துக் கிடந்தவள் காலை உதைத்தாள். ஸ்பிரிங் ஒரு துள்ளு துள்ளியது. சட்டென்று நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள், புருவம் இரண்டும் ஏறி நிற்க. துள்ளல் அடங்கும் வரை காத்திருந்தாள். மறுபடி ஒரே ஒரு உதை. மறுபடி துள்ளல். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. இரண்டு காலாலும் மாற்றி மாற்றி, வாயெல்லாம் எச்சில் வழியச் சிரிப்பு. கயிறு தொய்ந்து அப்பாவின் கையில் சும்மா கிடந்தது. "என் வேலைய எடுத்துக்கிட்டா" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்ட ராத்திரி தொட்டில் எதற்கும் உதவவில்லை. இரண்டு தொடையிலும் ஊசி, துணி தொடையை அணைத்துப் பிடித்தாலே வீறிட்டாள். விடிய விடியத் தோளில்தான். இன்னொன்று, புடவைத் தொட்டிலில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் படிகிற மாதிரி சின்னக் குழந்தை சுருண்டுவிடும். மல்லாக்க, சமமான, கெட்டியான படுக்கைதான் தூங்க வைக்கச் சரியான இடம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஆட்டுவதற்கு மட்டும் தொட்டில், கண் சொக்கியதும் பாய்க்கு மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். பாய்க்கு மாற்றும்போது பத்தில் ஆறு தடவை முழித்துக்கொள்வாள். அது வேறு கதை. பெரிய பிள்ளைகள் இருக்கிற வீட்டில், வேலை முடிந்ததும் புடவையைக் கழற்றி வைத்துவிடுங்கள். விளையாடப் போய்க் கழுத்தில் துணி சுற்றிய செய்திகளைப் படித்துப் படித்து எனக்குப் பயம்.

ஐந்தாம் மாதம் திருப்பூருக்கு வந்தோம். வாடகை வீடு. சீலிங்கில் கொக்கி கிடையாது. துளை போட ஓனர் சம்மதிக்கவில்லை. கணவர் மோட்டார் வைத்த ஸ்டாண்டு ஒன்று வாங்கிவந்தார், 4,200 ரூபாய். ஒரே சீராக, டக் டக்கென்று, நாள் முழுக்க அதே வேகம். பாப்பா தூங்காமல் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் அப்பாவிடம் சொன்னேன். "மிஷினுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாதும்மா" என்றார். பன்னிரண்டாம் நாள் அவள் குப்புற விழுந்தாள், பாயில். புரள ஆரம்பித்துவிட்ட குழந்தையைத் தொட்டிலில் விட முடியாது. ஸ்டாண்டில் இப்போது கணவர் கம்பெனியிலிருந்து கொண்டுவருகிற செகண்ட்ஸ் பனியன் துணிகள் காய்கின்றன. அந்த வேலைக்கு நன்றாக இருக்கிறது.

மார்க்: ஸ்பிரிங்குக்கு ஐந்துக்கு நான்கு, செட்டோடு வந்த துணிக்கு ஒன்று, மோட்டார் ஸ்டாண்டுக்குக் கொடிக்கம்பியாக மூன்று.

போன வாரம் சித்தி மகளுக்குப் பையன் பிறந்தான். ஸ்பிரிங் சும்மாதானே இருக்கிறது, கொடுத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "நீயே உங்கப்பாகிட்டக் கேளு" என்றாள். "வெறுந்தொட்டில ஆட்டாதீக, புள்ளைக்கு வயித்த வலிக்கும்னு தெனமும் சொல்றேன். பேப்பர் படிக்கையில கை தானா இழுக்குதாம்."

அப்பா சித்தி வீட்டுக்குப் புது ஸ்பிரிங்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொக்கியின் வாயை நெருக்கி, மூடி.