மெயிலில் தேதி தப்பாகக் காட்டினால் கடைக்கு ஓடாதீர்கள்: 1,800 ரூபாய் அழுதவன் சொல்கிறேன்

காரைக்குடிப் பக்கம் கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயர் வேண்டாம், விடுங்கள்.

ஆத்தங்குடியில் எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. கண்ணாடிமேல் சாயம் ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதெல்லாம் இன்றும் கைவேலைதான். ஆர்டர் மட்டும் மெயிலில் வரும், அதைப் பார்க்கத் தண்டர்பேர்ட் என்ற மெயில் சாஃப்ட்வேர். தை மாதம் கம்ப்யூட்டர் ரொம்ப இழுக்கிறதென்று கொடுத்தேன். விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்தார்கள். அதற்கு வாங்கிய காசு நியாயம்தான்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி. காலை 9:15-க்கு வந்த மெயில், முந்தின நாள் இரவு 7:45 என்று காட்டியது. பூர்வீக வீட்டுக்குத் தரை மாற்றும் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் போனில் வந்தார்: "என்னண்ணே, விடியக்காலம் மூணு மணிக்கு மெயில் போட்டிருக்கீங்க? தூங்கவே மாட்டீங்களா?" நான் அனுப்பியது முந்தின நாள் காலை 11 மணிக்கு! 20-ஆம் தேதிக்குள் விலை சொல்லச் சொல்லியிருந்தார். மறுநாள் திறந்தவர் கண்ணில் 21 என்று பட்டிருக்கிறது. சமாதானம் சொல்லி மாளவில்லை.

கடையில் முதலில் 'மெயில் சாஃப்ட்வேர் கரப்ட்' என்று 600 ரூபாய். அடுத்த வாரம் 'வைரஸ்' என்று 1,200. இரண்டு தடவையும் திரையின் மூலையில் மணி சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் ஏமாற்றிவிட்டது.

அக்கா மகன் லீவுக்கு வந்தான். நான் அனுப்பிய மெயிலைத் திறந்து கன்ட்ரோலும் யு-வும் சேர்த்து அழுத்தினான். தலைப்பு வரிகளில் தேதிக்குப் பக்கத்தில் -0800 என்றிருந்தது. "மாமா, இது அமெரிக்க மேற்குக் கரை நேரம். நமக்கு +0530 வரணும்." விண்டோஸ் ஏற்றியவர் டைம் சோனை, அதாவது எந்த ஊர் நேரம் என்று சொல்லும் இடத்தை, அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு, தானாக நேரம் எடுப்பதை அணைத்து, மணியை மட்டும் கையால் நம்மூர் நேரத்துக்குத் திருப்பியிருக்கிறார். உலகப் பொது நேரத்துக்கு அது எட்டு மணி நேரம் பின்னால், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால்; இடையிலுள்ள அந்தப் பதின்மூன்றரை மணி நேரம்தான் எல்லாக் கூத்துக்கும் காரணம்.

சோனைச் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி'க்கு மாற்றி, தானாக நேரம் எடுப்பதைப் போட்டான். இரண்டு நிமிஷம். வந்திருந்த மெயில்கள் சரியான தேதிக்குத் திரும்பிவிட்டன. நான் அனுப்பியவை மட்டும் திருந்தாது, அந்த -0800 நேர முத்திரை மெயிலோடேயே போய்விட்டதாம்.

1,800 ரூபாயைத் திருப்பிக் கேட்கப் போனேன். "மணி சரியாத்தானே சார் காட்டுச்சு?" என்கிறார்.