தினமும் ஓடுவதா, கூட்டத்தோடு ஓடுவதா, திட்டம் போட்டு ஓடுவதா?

ஓட ஆரம்பிப்பது பெரிய காரியமே இல்லை. முதல் வாரம் உற்சாகம் தானாக வரும். மூன்றாவது வாரத்தில்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதைத் தக்கவைக்க, புதிதாக ஓடுபவர்களுக்குப் பொதுவாக மூன்று வழிகள் சொல்வார்கள். ஒரு நாள்கூட விடாமல் தினமும் ஓடுவது ஒன்று. ஏதாவது ஒரு குழுவோடு சேர்ந்துகொள்வது இன்னொன்று. வாரக்கணக்கில் வகுத்த திட்டத்தை வைத்துக்கொண்டு தனியாக ஓடுவது மூன்றாவது. நான் எடுத்தது மூன்றாவது வழி. அதன் பக்கம்தான் சாய்ந்து பேசப்போகிறேன்.

ஷூ சரியாக இருக்க வேண்டும், தூக்கம் கெடக்கூடாது, சாப்பிட்ட கையோடு ஓடக்கூடாது. இவை எந்த வழியில் போனாலும் ஒன்றுதான் என்பதால் விட்டுவிடலாம்.

தினசரி ஓட்டத்துக்கு ஒரு கவர்ச்சி உண்டு. இன்று ஓடலாமா வேண்டாமா என்ற விவாதமே மனதுக்குள் எழாது. பிரிட்டனின் மாரத்தான் வீரர் ரான் ஹில் 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகளுக்கு மேல், நாள்தோறும் ஒரு மைலாவது ஓடினார். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அதைத் தொடங்கும்போதே அவர் பழுத்த ஓட்டக்காரர். நம் கதை வேறு. ஓட ஆரம்பித்ததும் இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் அவ்வளவு வேகமாகப் பழகாது. மூச்சு ஒத்துழைக்கிறதே என்று தினமும் ஓடினால், ஓய்வு கிடைக்காத கணைக்கால்தான் முதலில் முறையிடும். வலியோடு ஓடினால் உற்சாகம் எங்கிருந்து வரும்?

குழுவைப் பற்றி நான் ரொம்ப அடித்துச் சொல்ல முடியாது, எப்போதாவது சேர்ந்து ஓடியதோடு சரி. நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் போர்வையை விலக்கி எழத் தோன்றும் என்பது உண்மைதான். பேசிக்கொண்டே ஓடினால் நேரம் போவதும் தெரியாது. சிக்கல் வேகத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஓடுபவர் பழகியவராக இருந்தால் அவர் சாதாரணமாக ஓடுவதே நமக்குத் தலைதெறிக்கிற ஓட்டம். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஈடுகொடுத்துவிட்டு, அன்று முழுக்கச் சோர்ந்து உட்காருவோம். எல்லாக் குழுவும் அப்படி இல்லை. புதியவர்களுக்கென்றே மெதுவாக ஓடும் பிரிவு வைத்திருக்கும் குழு அமைந்தால் என் கருத்தே மாறக்கூடும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். இந்த வகையில் ரொம்பப் பிரபலமானது கவுச் டு 5கே, அதாவது சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-ல், ஐம்பது வயதைக் கடந்த தன் அம்மாவை ஓட வைக்க உருவாக்கியது. ஒன்பது வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரத்தில் 5 நிமிடம் விறுவிறு நடை, பிறகு 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். அவ்வளவுதான். வாரம் ஏற ஏற ஓட்டம் நீண்டு நடை குறையும். முடிவில் 30 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும்.

நடுவே நடப்பது ஓட்டத்தில் சேருமா என்று சிலருக்கு மனக்குறை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டம்–நடை–ஓட்டம் என்ற முறையில் மாரத்தானுக்கே ஆட்களைத் தயார்செய்தவர். பிறகு நமக்கென்ன வெட்கம்? களைத்துப்போன பிறகு வேறு வழியில்லாமல் நடப்பதும், களைப்பதற்கு முன்பே கணக்காக நடப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் வீடு திரும்பும்போது உடம்பில் இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருக்கும். மறுமுறை ஷூவை மாட்டத் தோன்றுவது அந்த மிச்சத்தால்தான்.

ஆனாலும் நான் இந்த வழியை எடுத்ததற்குக் காரணம் வேறு. ஓட்டம் விட்டுப்போன பிறகு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்தேன். விட்டுப்போகும், அதில் சந்தேகமே வேண்டாம். காய்ச்சல் வரும், வேலை குவியும், விருந்தாளி வருவார்கள், மழை பிடித்துக்கொள்ளும். தினசரி ஓட்டத்தில் ஒரு நாள் தவறினால், தொடர்ந்து ஓடிய நாட்களைக் கணக்கு வைக்கும் கைபேசிச் செயலியில் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிடும். அத்தனை நாள் ஓடியது கால்களில் அப்படியே இருக்கிறது, செயலியில் மட்டும்தான் காணாமல் போயிருக்கிறது. இருந்தும் மனசு செயலியைத்தான் நம்பும். போனது போகட்டும் என்று ஒரு மாதம் ஓடும் எண்ணமே வராது. குழுவிலோ, இரண்டு வாரம் போகாமல் இருந்துவிட்டுத் திரும்பப் போகக் கூச்சம். ‘ஆளையே காணோமே’ என்று அன்பாகக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் மற்றவர்கள் முன்னேறியிருப்பார்கள்.

திட்டம் யாரையும் எதுவும் கேட்காது. நான்காவது வாரத்தில் விட்டீர்களா, நான்காவது வாரத்தையே மறுபடி ஓடலாம். இடைவெளி நீண்டுவிட்டதா, மூன்றாவது வாரத்துக்கு இறங்கலாம். சில நாள் ஓடாததால் தாங்கும் திறன் பெரிதாகக் குறையாது, ஏறத்தாழ இரண்டு வாரம் தாண்டினால்தான் சரிவு தெரிய ஆரம்பிக்கும். அப்போதும் எங்கே இறங்கி ஏறுவது என்பதற்குப் படிக்கட்டு தயாராக இருக்கிறது. ஒன்பது வாரம் என்பது பெயருக்குத்தான். பன்னிரண்டு, பதினைந்து என்று இழுத்தாலும் அது அதே திட்டம்தான். என்னைக் கேட்டால், புதிதாக ஓடுபவர் எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பத்து நாள் விட்டுவிட்டு வந்தால் இது என்னை எப்படி உள்ளே விடும்?

குறைகள் இல்லாமல் இல்லை. ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாள் ஒரு பூதம். முந்தைய ஓட்டத்தில் நடுவே நடந்து 8 நிமிடம் வீதம் இருமுறை ஓடியவரை, நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்லும். அதைப் பார்த்தே நின்றுபோகிறவர்கள் உண்டு. பயமாக இருந்தால் நடுவில் ஒரு நிமிடம் நடந்துகொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. அப்புறம், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று சொல்லும் திட்டம், எவ்வளவு மெதுவாக என்பதை அழுத்திச் சொல்வதில்லை. ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சொல்லாகத் துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். ‘எனக்கு ஓட்டம் ஒத்துவராது’ என்று கைவிடுபவர்களில் பலருக்கு ஒத்துவராமல் போனது அந்த வேகம்தான் என்பது என் எண்ணம். தனியாக ஓடும்போது மெதுவாக ஓட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு குறை, திட்டம் முடிந்துவிடும். 30 நிமிடம் ஓடி முடித்த மறுவாரம் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. குழுவை நான் பரிந்துரைப்பது இந்த இடத்தில்தான். 2004-ல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் என்ற கூட்டு ஓட்டம், இப்போது 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் வாராவாரம் நடக்கிறது. தூரம் 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்தே முடித்தாலும் சரி. எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார் என்பதால், கடைசி இடம் எப்படியும் உங்களுக்குக் கிடைக்காது.