அப்பாவுக்கு 35 நாள் கரண்ட் வச்ச ரேடியேஷன் யூனிட் – என் அனுபவம்

எங்க ஊர்ல கதிர்வீச்சு (ரேடியேஷன்) சிகிச்சையை "கரண்ட் வைக்கிறது"ன்னு தான் சொல்லுவாங்க, அதனாலயே அப்பா ஷாக் அடிக்கும்னு பயந்து வரவே மாட்டேன்னுட்டாரு. தொண்டையில கட்டி. தினம் 2 கிரே (கதிரை அளக்கற யூனிட்), 35 சிட்டிங், மொத்தம் 70 கிரே, சனி ஞாயிறு லீவு, ஆக 7 வாரம். குறையும் சொல்லப்போறதால ஆஸ்பத்திரி பேரு போடல.

முதல்ல மாஸ்க், தலை அசையாம பிடிச்சு வைக்க. வெந்நீர்ல போட்டு இளகுன பிளாஸ்டிக் வலையை சூடு ஆறுறதுக்குள்ள மூஞ்சிலருந்து தோள் வரைக்கும் இழுத்து அமுக்குறாங்க, ஆறுனா அப்பா மூக்கு தாடை அச்சு அப்படியே நிக்குது. அதோடவே சிடி ஸ்கேன். அப்புறம் டாக்டர் கட்டியை, தண்டுவடத்தை, எச்சில் சுரப்பியை எல்லாம் ஸ்கேன்ல தனித்தனியா வரைஞ்சு கொடுத்து, பிளான் ரெடியாக ஒரு வாரம் ஆச்சு.

பிளான் போட்ட பிசிசிஸ்ட் (கதிர் அளவைக் கணக்கு போடறவங்க) மேடம் ஸ்க்ரீன்லயே காட்டி சொன்னாங்க. ஒரே பக்கம் அடிச்சா வழியில இருக்கற தோலும் சதையும் வெந்துடும், அதனால மெஷினோட தலை அப்பாவைச் சுத்தி வந்துகிட்டே அடிக்கும், வழியில கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சு போறது கட்டியில வந்து ஒண்ணா சேரும். கதிர் வெளிய வர்ற வாய்ல மெல்லிசான டங்ஸ்டன் பட்டைங்க வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணும் தனியா ஓடும், அந்தந்தப் பக்கத்துலருந்து கட்டி எந்த ஷேப்ல தெரியுதோ அந்த ஷேப்புக்கு மட்டும் வழி விடும். தினமும் படுக்க வச்சதும் லேசர் கோட்டுக்கு நேரா வச்சு, மெஷின்லயே ஒரு சிடி எடுத்து பழசோட பொருத்திப் பாப்பாங்க, ரெண்டு மில்லிமீட்டர் விலகினாலும் டேபிளை நகர்த்திட்டு தான் ஆரம்பிப்பாங்க. வலியே இல்ல, கதிர் விழறது சில நிமிஷம் தான்.

நாலாவது வாரம் வாயெல்லாம் புண்ணு, குழைஞ்ச இட்லி கூட இறங்கல, 6 கிலோ இறங்கிட்டாரு. அன்னைக்கு டெக்னீஷியன் தம்பி மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவுல விரலை விட்டுப் பாத்துட்டு "ஐயா, லூசா இருக்கு, இன்னைக்கு வைக்க வேணாம்"னு நிறுத்திட்டாரு. வெளிய 20 பேர் காத்திருக்காங்க, இருந்தும் நிறுத்துனாரு பாருங்க, அந்தத் தம்பிக்கு கோடி கும்பிடு. புது மாஸ்க், புது ஸ்கேன், புது பிளான்.

குறைன்னா, மெஷின் ரிப்பேராகி ரெண்டு நாள் நின்னுச்சு, ஒரு போன் பண்ணல, விடிகாலை 4 மணி பஸ் புடிச்சு வந்து திரும்பிப் போனோம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பல் டாக்டரைப் பாத்து ஆடுற பல்லை எடுத்துடணும்னு யாரும் சொல்லல, அப்புறம் எடுத்தா தாடை எலும்பு ஆறாமப் போகலாமாம். தொண்டை, வாய்க்கு வைக்கப் போறவங்க இதை முதல் நாளே நீங்களே கேட்டுடுங்க.

4 ஸ்டார். குறைச்ச ஒண்ணு அந்த போனுக்கும் பல்லுக்கும்.