வீட்டு மெயின் போர்டில் எது பொருந்தும்: ஒரே ஆர்சிசிபியா, பிரித்துப் போட்ட ஆர்சிசிபியா, ஆர்சிபிஓவா?

வீட்டு இணைப்பில் மின்கசிவுப் பாதுகாப்பின் வரம்பு 30 மில்லியாம்பியரைத் தாண்டக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறைகளிலேயே இருக்கிறது. மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் (டிரிப் ஆகும்) கருவிதான் ஆர்சிசிபி; அதோடு எம்சிபியும் சேர்ந்தது ஆர்சிபிஓ. அதைப் பொருத்த மூன்று வழிகள் உண்டு. கடையில் விலையைக் கேட்டு முடிவு செய்கிறார்கள்; பார்க்க வேண்டியது வீட்டில் நியூட்ரல் எப்படி ஓடுகிறது என்பதை. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்பதை வைத்துத்தான் இந்தக் கருவிகள் எல்லாமே டிரிப் ஆகின்றன.

மெயினில் ஒரே ஆர்சிசிபி

பழைய வீட்டுக்கு இதுதான். ஸ்விட்ச் போர்டுக்குப் போர்டு நியூட்ரலை லூப் அடித்திருந்தாலும் எல்லாம் கடைசியில் இதன் வழியாகவே திரும்புவதால் பிரச்சினை வராது. சிங்கிள் பேஸுக்கு 40 ஆம்பியர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுப்பது) போதும். அதற்கு முன் 40 ஆம்பியருக்கு மேற்படாத எம்சிபி (ஓவர்லோடோ ஷார்ட்டோ வந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) கட்டாயம், ஏனென்றால் ஓவர்லோடையும் ஷார்ட்டையும் ஆர்சிசிபி பார்க்காது. மூன்று பேஸும், பேஸை மாற்றிக்கொள்ளும் செலக்டர் ஸ்விட்சும் உள்ள வீட்டில் பேஸுக்கு ஒன்று போடாதீர்கள். நியூட்ரல் பொதுவாக இருப்பதால் அது டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். மூன்று பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போகும் ஃபோர் போல் ஒன்றே சரி.

குறை எங்கே? 30 மில்லியாம்பியர் என்று அச்சிட்டது 15க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் டிரிப் ஆகலாம். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின், கணினி எல்லாம் பழுதில்லாமலே கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்கு விடும். அந்தக் கூட்டுத்தொகை 9 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும். மீறினால் காரணமே தெரியாமல் வீடு இருண்டுபோகும். பொறுமை இழந்தவர்கள் ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு உயிருக்குப் பாதுகாப்பே இல்லை.

பழுதைத் தேடுவதும் சிரமம். கீசர் எலிமென்ட்டில் ஈரம் இறங்கி நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருக்கும். அதன் சிங்கிள் போல் எம்சிபியை அணைத்தாலும் பேஸ் மட்டுமே அறும், நியூட்ரல் அப்படியே இருக்கும். வேறு அறையில் ஏசி ஓடத் தொடங்கியதும் அதன் நியூட்ரல் கரண்ட்டில் ஒரு பங்கு கீசர் வழியே எர்த்துக்குப் போகும், டிரிப். பழி ஏசி மேல் விழும். எம்சிபிகளை அணைத்துப் பார்த்துப் பயனில்லை. மெயினை அணைத்து, நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டையான நியூட்ரல் பாரிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் கண்டுபிடிக்க முடியும்.

குழுவாகப் பிரித்த ஆர்சிசிபி

புதிய வீட்டுக்கு எங்கள் பரிந்துரை இது. விளக்கும் ஃபேனும் ஒன்றில், சமையலறை, கீசர், மோட்டார் இன்னொன்றில், ஏசிகள் மூன்றாவதில். ஒவ்வொன்றுக்கும் தனி நியூட்ரல் பார் வேண்டும். இங்குதான் வேலை கெடுகிறது: எல்லா நியூட்ரலையும் ஒரே பாரில் முறுக்கிவிட்டால், லோடு போட்டதும் டிரிப் ஆகும்.

இன்வெர்ட்டர் யுபிஎஸ் இருந்தால் அதன் அவுட்புட்டில் தனியாக ஒரு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வேண்டும். கரண்ட் போன நேரத்தில் மெயினில் உள்ளது விழுந்தாலும் பேட்டரி சப்ளை நிற்காது. யுபிஎஸ் லைனின் நியூட்ரலும் தனியாக வர வேண்டும்.

சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்சிபிஓ

எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே உடலில். பழுதான சர்க்யூட் மட்டும் அணையும், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும். டபுள் போல் வகையென்றால் நியூட்ரலும் அறுந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் போர்டில் 2 மாட்யூல் (வழி) இடம் பிடிக்கும். 8 சர்க்யூட்டுக்கு 16 வழி. செலவும் அதிகம். கீசருக்கும் வெளி மோட்டாருக்கும் மட்டும் இதைப் போட்டு, மீதியைக் குழுவாக விடுவது நல்ல கலவை. அப்போது இவற்றைக் குழு ஆர்சிசிபிக்குக் கீழே கொடுக்காமல் மெயின் எம்சிபியிலிருந்து நேராக எடுக்க வேண்டும். ஒரு 30 மில்லியாம்பியர் கருவிக்குப் பின்னால் இன்னொரு 30 மில்லியாம்பியர் போட்டால் இரண்டும் சேர்ந்தே விழலாம்.

எதை வாங்கினாலும் ஏ (A) டைப் கேளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் AC டைப் கருவி, இன்வெர்ட்டர் ஏசியும் வாஷிங் மெஷினும் விடும் அரை அலைக் கசிவில் டிரிப் ஆகாமல் போகலாம். டெஸ்ட் பட்டன் வேலை செய்வதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம்; அந்தப் பட்டன் எர்த்தைப் பயன்படுத்துவதே இல்லை.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. மெயினையும் யுபிஎஸ்ஸையும் அணைத்து, எல்லா எம்சிபிகளையும் இறக்கி, டெஸ்டரில் சப்ளை இல்லை என்று உறுதி செய்த பின் சர்க்யூட் நியூட்ரல்களைப் பாரிலிருந்து கழற்றி, இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். பீப் வந்தால் அந்த இரண்டும் எங்கோ கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் வரை, மெயினில் ஒரே ஆர்சிசிபி என்ற முதல் வழியைத் தவிர மற்றவை டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும்.