வெள்ளெழுத்துக் கண்ணுக்கு வாங்கிய சிவப்புப் புள்ளி

திருச்சியில் கல்லூரி படித்தபோது என்.சி.சி.யில் எங்களுக்கு .22 ரைஃபிள் சுடக் கற்றுக்கொடுத்த ஹவில்தார் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஃபோர்சைட் (குழல் முனையில் குறிபார்க்க நிற்கும் முளை) நுனி தெளிவாகத் தெரியணும், டார்கெட் மங்கலா இருந்தா பரவாயில்லை. முப்பது வருஷம் அந்தப் பாடம் கைகொடுத்தது. போன வருஷம் ஹூஸ்டனில் ஒரு சுடுதளத்தில் கையை நீட்டிப் பிடித்தால், முன் சைட் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல்தான் தெரிந்தது. வெள்ளெழுத்து. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் சைட் தெரிகிறது, எதிரே இருக்கும் தாள் தெரியவில்லை. கழற்றினால் தாள் தெரிகிறது, சைட் தெரியவில்லை. கைத்துப்பாக்கிக்கு ரெட் டாட் சைட் தேட ஆரம்பித்தது அப்படித்தான்.

ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டிய கடையும் நடத்துகிறேன். இரவு பதினொன்றரைக்குக் கல்லாவை எண்ணி, பின்கதவைப் பூட்டி, காருக்கு நடக்கிற அந்த நாற்பது அடிக்காகத்தான் துப்பாக்கி. டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்தேன். இதைப் படிக்கிற நம்மவர்களில் பலர் எச்-1பி விசாவில் இருப்பீர்கள். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நான் ஒன்றுகூட வாங்கவில்லை. நீங்களும் பொறுத்திருங்கள்.

என்னுடையது கிளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ். எம்ஓஎஸ் என்றால் இந்த மாதிரி சைட்டைப் பொருத்த மேலே வெட்டு விட்டிருக்கும். மெலிந்த 9 மில்லிமீட்டர் துப்பாக்கி, சட்டைக்குள் வைத்தால் துருத்தாது. ரெட் டாட் என்பது அதன் ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல் பாகம்) மேல் உட்காரும் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். கீழே ஒரு எல்.ஈ.டி. இருக்கும். அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வரும். புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதுபோல் இருக்காது, தூரத்தில் இலக்கின் மேலேயே மிதப்பதுபோல் தெரியும். கண்ணை இலக்கில் வைத்தால் போதும். கை நீளத்தில் இருக்கும் எதையும் கூர்ந்து பார்க்க வேண்டியதில்லை. அந்த ஹவில்தார் பாடம் அப்படியே தலைகீழாகிறது. ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும்.

முதலில் வாங்கியது தப்பு. பெயர் வேண்டாம். விலை மலிவு, சன்னல் பெரிது, நட்சத்திர மதிப்பீடு நிறைய. மேலே திறந்த வகை. அதாவது எல்.ஈ.டி.க்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்றுதான், மூடி கிடையாது. ஆறு வாரம் நன்றாக இருந்தது. ஜூலையில் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்து துப்பாக்கியை இறக்கி, குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சுவரை நோக்கிப் பிடித்தேன். புள்ளி இல்லை. பேட்டரி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் எல்.ஈ.டி. உட்காரும் குழிக்குள் ஒரு பஞ்சுப் பிசிறு. பனியனிலிருந்து வந்தது. வியர்வையில் ஊறி, குழியின் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மயிரிழை கனம்கூட இருக்காது. அதற்கு மேல் ஒளி போகவில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டதும் புள்ளி பளிச்சென்று வந்துவிட்டது. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. எத்தனை நாளாக அது அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது அல்லவா?

ஹூஸ்டன் வெயிலில் இடுப்போடு வைத்து நாளெல்லாம் நிற்கிறவனுக்கு மூடிய வகைதான் சரி என்று அப்போதே முடிவு செய்தேன். இதில் எல்.ஈ.டி.யின் முன்னும் பின்னும் கண்ணாடி, சுற்றிலும் பெட்டி. பிசிறு விழுந்தால் வெளிக் கண்ணாடியில்தான் விழும், சட்டை நுனியால் துடைத்துவிடலாம்.

அப்புறம் பொருத்தம். கடைக்காரர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. எல்லா சைட்டும் எல்லாத் துப்பாக்கியிலும் உட்காராது. அடிப்பாகத்தில் திருகாணி ஓட்டையும் முளைகளும் இருக்கும் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. 43எக்ஸில் வெட்டியிருப்பது ஷீல்டு ஆர்எம்எஸ்சி என்ற பிரிட்டிஷ் சைட்டின் அமைப்பு. 2009-ல் வந்து இந்தத் துறையையே மாற்றிய டிரிஜிகான் ஆர்எம்ஆர் இதில் நேராக உட்காராது, இந்த மெலிந்த ஸ்லைடுக்கு அது அகலமும் கூட. அவர்களே சின்னத் துப்பாக்கிக்கென்று கொண்டுவந்த ஆர்எம்ஆர்சிசி நல்ல சாமான். ஆனால் அதற்கு அமைப்பே தனி, பேட்டரி அடியில், மாற்றுவதற்கு சைட்டையே கழற்ற வேண்டும். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் ஆக்ரோ பி-2வை நண்பர் ஒருவர் தன் பெரிய துப்பாக்கியில் வைத்திருக்கிறார். மூடிய வகையில் அதைவிட உறுதியானதை நான் பிடித்ததில்லை. 43எக்ஸ் மேல் வைத்துப் பார்த்தோம். ஸ்கூட்டர் மேல் பீரோவை ஏற்றியது போலிருந்தது.

கடைசியில் நான் வாங்கியது ஹோலோசன் ஈபிஎஸ் கேரி. மூடிய வகை, மெலிந்த துப்பாக்கிக்கென்றே செய்தது. சீனத் தயாரிப்பு என்பதால் தொடமாட்டேன் என்கிறவர்கள் உண்டு, அது அவரவர் மனசு. சிஆர்1620 பேட்டரி பக்கவாட்டில் ஒரு சின்னத் தட்டில் போகிறது. சைட்டைக் கழற்றாமலே மாற்றலாம், குறியும் கலையாது. அசையாமல் வைத்தால் அணைந்துவிடும், எடுத்ததும் தானே எரியும். இதன் அடிப்பாகம் ஆர்எம்எஸ்சியைப் போலவே இருந்தாலும் அப்படியே இல்லை. பின்பக்க முளைகளுக்கு இதில் குழி கிடையாது. சிலர் ஸ்லைடில் இருக்கும் முளைகளை அரத்தால் ராவிவிடுகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, இடையில் மெல்லிய எஃகுத் தகடு வைத்தேன். அதனால் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, துப்பாக்கியோடு வரும் சாதாரண இரும்பு சைட்டையும் உயரமானதாக மாற்ற வேண்டியிருந்தது. சைட் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

திருகாணி விஷயத்தில் சோம்பல் படாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, திருகாணி கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு, கையேட்டில் சொன்ன இன்ச்-பவுண்டு அளவுக்கு டார்க் டிரைவரால் (முடுக்கும் விசையை அளக்கும் திருப்புளி) மட்டுமே முடுக்குங்கள். தகடு மாறினால் திருகாணியின் நீளமும் மாறும். வலப்பக்கத் திருகாணி கொஞ்சம் நீண்டுவிட்டாலும் உள்ளே எக்ஸ்ட்ராக்டரின் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) கம்பியை அழுத்தி, வெற்றுக் கூடு வெளியே வராமல் சிக்கும். முடுக்கி முடித்ததும் திருகாணித் தலையிலிருந்து சைட் உடம்புவரை என் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். மெரூன் நிறம். கோடு உடைந்திருந்தால் திருகாணி நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் காலையில் இடுப்பில் வைக்கும் முன் அதைப் பார்த்துவிடுகிறேன்.

புள்ளியின் அளவை எம்ஓஏ என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம். 10 கெஜத்தில் 2 எம்ஓஏ புள்ளி ஒரு மிளகு, 6 எம்ஓஏ புள்ளி ஒரு சுண்டைக்காய். நான் எடுத்ததில் 2 எம்ஓஏ புள்ளியும் அதைச் சுற்றி 32 எம்ஓஏ வட்டமும் உண்டு, எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம். வட்டம் 10 கெஜத்தில் உள்ளங்கை அகலம் வரும். முதல் ஒரு மாதம் வட்டத்தை வைத்திருந்தேன், கண்ணுக்குச் சீக்கிரம் அகப்பட்டது. இப்போது புள்ளி மட்டும்தான். மறுபடி வாங்கினால் 6 எம்ஓஏவே எடுப்பேன். பின்கதவிலிருந்து கார்வரை இருக்கும் தூரத்துக்கு மிளகு தேவையில்லை.

என் மனைவியின் கதை வேறு. அவளுக்கு ஆஸ்டிக்மாடிசம், அதாவது கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை, உண்டு. முதல் முறை பார்த்துவிட்டு, "என்னங்க இது, புள்ளின்னு சொன்னீங்க, மத்தாப்பு மாதிரி தெறிக்குது" என்றாள். சைட் பழுதா, கண்ணா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. துப்பாக்கியைக் காலி செய்து அசையாமல் வைத்து, போன் கேமராவால் சன்னல் வழியாகப் படம் எடுங்கள். படத்தில் உருண்டையாக இருந்தால் கோளாறு கண்ணில். அவளுக்கு அப்படித்தான் இருந்தது. வெளிச்சத்தை நான்கு படி குறைத்ததும் மத்தாப்பு பாதியாக அடங்கியது, கண் டாக்டர் கொடுத்த கண்ணாடியைப் போட்டதும் மீதியும் அடங்கியது. வாங்குவதற்கு முன் கடையில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இன்னொருவர் விமர்சனம், இது உட்பட, உங்கள் கண்ணுக்குச் சாட்சி சொல்லாது.

வெளிச்சம் என்றதும் இன்னொன்று. தானே கூட்டிக் குறைக்கும் வசதியை நம்பவேண்டாம். நான் நிற்கும் இடத்து வெளிச்சத்தைத்தான் அந்த உணரி அளக்கிறது, பார்க்கும் இடத்து வெளிச்சத்தை அல்ல. இருட்டான பின்கதவில் நின்று, விளக்கு எரிகிற பார்க்கிங்கைப் பார்த்தால் புள்ளி மங்கிக் காணாமல் போகிறது. மூன்று ராத்திரி சோதித்துப் பார்த்தபின் கையால் ஒரே அளவில் வைத்துவிட்டேன்.

மூடிய வகைக்கும் குறை உண்டு. ஏசி போட்ட கடையிலிருந்து ஆகஸ்ட் ராத்திரிக்குள் கால் வைத்தால் வெளிக் கண்ணாடிகள் இரண்டும் மூக்குக் கண்ணாடிபோலப் பனி மூடிவிடும். உடம்புச் சூட்டில் இருந்தால் குறைவு, மேசையில் வைத்து எடுத்தால் அதிகம். மூக்குக் கண்ணாடிக்குப் போடும் பனி நீக்கித் துணியால் வாரம் ஒருமுறை துடைக்கிறேன், ஓரளவு கேட்கிறது. சுடுதளத்தில் பயிற்சி தரும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் இதற்கு ஒரு வித்தை காட்டினார். சன்னலின் முன்பக்கத்தை மாஸ்கிங் டேப்பால் மூடச் சொன்னார். இரண்டு கண்ணையும் திறந்து தாளைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண் புள்ளியைப் பார்க்கிறது, மற்றது தாளைப் பார்க்கிறது, மூளை இரண்டையும் சேர்த்துவிடுகிறது. 7 கெஜத்தில் ஐந்து குண்டும் ஒரு சாஸர் அகலத்துக்குள் விழுந்தன. முன் கண்ணாடியைப் பனி மூடினாலும் புள்ளி போவதில்லை என்று அன்றுதான் நம்பினேன். அதைவிட முக்கியம், இத்தனை நாளாக நான் இலக்கைப் பார்க்காமல் புள்ளியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்த டேப் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது.

சைட்டை மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடாது. முதல் வாரம் துப்பாக்கியை உயர்த்தினால் சன்னல் காலியாகத்தான் இருக்கும். கழுத்தை ஆட்டிப் புள்ளியைத் தேடுவேன். மணிக்கட்டு சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பதுதான் காரணம். குண்டுகளை வேறு அறையில் வைத்துப் பூட்டி, சுவரில் ஒட்டிய ஸ்டாம்பை நோக்கித் தினமும் பத்து நிமிடம் உருவிப் பழகினேன். நாலாவது வாரத்தில்தான் புள்ளி தானாக வந்து நிற்க ஆரம்பித்தது. அதுவரை இரவில் பழைய இரும்பு சைட் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போனேன்.

எட்டு மாதமாகிறது. இரண்டாயிரம் குண்டுக்கு மேல் சுட்டிருக்கிறேன், குறி நகரவில்லை, மெரூன் கோடு உடையவில்லை. பொங்கலன்று பேட்டரியை மாற்றினேன், பழையதில் இன்னும் உயிர் இருந்தது. இனி ஒவ்வொரு பொங்கலுக்கும் அதுதான் வழக்கம். மனைவிக்கு இதே சைட்டை 6 எம்ஓஏவில் சொல்லிவைத்திருக்கிறோம். அவளுடையது வேறு துப்பாக்கி, அதற்குத் தகடு தேவையில்லை.