1967 அலியா, 1988 டைசனா?

முகமது அலியும் மைக் டைசனும் உச்சத்தில் இருந்தபோது மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? குத்துச்சண்டை பிடித்த இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. இருவரின் பழைய பதிவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் ஓட்டு அலிக்கு.

ஆனால் எந்த அலி, எந்த டைசன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் எடுத்துக்கொள்வது 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்த அலியை, 1967இல் உலகச் சாம்பியன் பட்டம் பறிக்கப்படுவதற்கு முந்தைய அலியை. எதிரில், 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 வினாடியில் சாய்த்த டைசன். இரண்டு பேரும் உச்சத்தில் இருந்த நாட்கள் அவை.

உடல் கணக்கை நீட்ட வேண்டியதில்லை. எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். அலி 96 கிலோவுக்குச் சற்று மேல், டைசன் 99. உயரம் அலிக்கு ஆறடி மூன்று அங்குலம், டைசனுக்கு ஐந்தடி பத்து. கை வீச்சில் அலிக்கு ஏழு அங்குலம் கூடுதல். குத்தின் கனத்தில் டைசன் மேலே, கால் வேகத்தில் அலி மேலே. இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இந்த எண்களை வைத்தே முடிவு சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1967இல் அமெரிக்க வானொலியில் கணினியை வைத்து ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) ஜாம்பவான்களை மோதவிட்டார்கள். அதில் அலி ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். கோபத்தில் வழக்கே போட்டார். பிறகு 1969இல் அலியையும் ராக்கி மார்சியானோவையும் ரிங்கில் இறக்கி, பல விதமான முடிவுகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் திரையிட்டதில் 13ஆம் சுற்றில் மார்சியானோ நாக் அவுட்டில் வென்றார். பல முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் தீர்ப்பை நான் நம்புவதில்லை. டைசனைப் போல ஆடியவரிடம் அலி என்ன செய்தார், அலியைப் போல ஆடியவரிடம் டைசன் என்ன செய்தார் என்று தேடிப் பார்ப்பதுதான் உருப்படியான வழி.

அப்படிப் பார்த்தால் டைசன் தரப்பின் வாதம் பலமானது. அலிக்கு ஒரு நிரந்தரப் பலவீனம் உண்டு: இடது ஹூக், அதாவது எதிராளி இடது கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் குத்து. வலது கையைத் தாழ்த்தி, தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்பிப்பது அவர் பழக்கம். 1962இல் சானி பேங்ஸ் அந்த ஹூக்கால் அவரைக் கீழே தள்ளினார். 1963இல் லண்டனில் ஹென்றி கூப்பர் நான்காம் சுற்றின் கடைசியில் தள்ளினார். மணி அடித்ததால் அலி பிழைத்தார். 1971இல் ஜோ ஃப்ரேசியர் 15ஆம் சுற்றில் தள்ளினார். டைசனின் இடது ஹூக் இவர்கள் யாருடையதை விடவும் வேகமானது. அது வரும் முன் வலது கையால் விலாவில் ஒன்று, தொடர்ந்து ஒரு அப்பர்கட் (கீழிருந்து மேல்நோக்கி வரும் குத்து) என்று கூட்டமாக வரும். முதல் மூன்று சுற்றுகளில் அலி விழுவார் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் மேலே சொன்ன மூன்று முறையும் அவர் எழுந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம் ஏன் அலி? என்னைத் தீர்மானிக்க வைத்தது அவருடைய ஜாப் (முன்னால் உள்ள கையை நேராக நீட்டி விடும் குத்து) அல்ல, கால்களின் நடனம் அல்ல. டைசன் உள்ளே நுழைந்துவிட்ட பிறகு என்ன நடக்கும் என்பதுதான். எல்லோரும் தூரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். டைசன் தூரத்தைக் கடந்துவிடுவார், அதில் சந்தேகமே வேண்டாம். கடந்த அடுத்த நொடிதான் கேள்வி.

1974 ஜனவரியில் நடந்த இரண்டாவது ஃப்ரேசியர் சண்டையைக் கவனித்துப் பாருங்கள். ஃப்ரேசியர் குனிந்து உள்ளே வருகிறார். அலி இரண்டு மூன்று குத்து விடுகிறார். உடனே இடது கை ஃப்ரேசியரின் பிடரியில் விழுகிறது. முன்னங்கையால் தலையைக் கீழே அமுக்கி, உடல் பாரத்தை அதன் மேல் சாய்க்கிறார். குனிந்த தலையோடு ஹூக் வீச முடியாது. நடுவர் வந்து பிரித்தால் மறுபடியும் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். கழுத்தில் ஏறும் அந்தப் பாரம் சுற்றுக்குச் சுற்று தொடையில் இறங்கும். டைசனின் விசை முழுக்கத் தொடையிலிருந்து வருவது.

இங்கே டைசனுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. எதிராளி கட்டிப் பிடித்துக்கொண்டால் அவர் பெரும்பாலும் கைகளை ஓயவிட்டு, நடுவர் பிரிக்கட்டும் என்று நின்றுவிடுவார். ஃப்ரேசியர் அப்படி இல்லை. ஒரு கை சிக்கினால் மற்ற கையால் விலாவில் இடித்துக்கொண்டே இருப்பார். 1987 மார்ச்சில் ‘போன்கிரஷர்’ ஸ்மித் பிடித்துப் பிடித்தே 12 சுற்றும் நின்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் டோனி டக்கரும் 12 சுற்று நின்றார். இருவரும் தோற்றார்கள், பிடித்ததோடு சரி, வெல்லும் அளவுக்கு அடிக்கவில்லை. 1986இல் ஜேம்ஸ் டில்லிஸ் நகர்ந்து நகர்ந்து ஜாப் விட்டு, பத்துச் சுற்றும் ஈடுகொடுத்துப் புள்ளியில்தான் தோற்றார். முதல் இருவர் பிடித்தார்கள், மூன்றாமவர் நகர்ந்தார். இரண்டையும் ஒரே சண்டையில் செய்துகொண்டு, நடுவில் ஜாபும் விடக்கூடிய ஆள் அலி.

டைசனின் குரு கஸ் டமாட்டோ. அவர் இரண்டு கைகளையும் கன்னத்தோடு ஒட்டிவைத்து ஆடும் அதே பாணியில் முன்பு ஃபிளாய்ட் பேட்டர்சனை உருவாக்கியவர். 1965இல் அலி பேட்டர்சனை 12ஆம் சுற்றில் நிறுத்தினார், அதாவது நடுவரே சண்டையை முடிக்கும் அளவுக்கு அடித்தார். அதை நான் பெரிய ஆதாரமாக எடுக்கவில்லை. பேட்டர்சனுக்கு அன்று முதுகு பிடித்துக்கொண்டது; டைசனின் கனமும் அவரிடம் இல்லை.

1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் செய்ததுதான் என் மனதில் உள்ள வரைபடத்துக்கு மிக அருகில் வருவது. நீண்ட ஜாப், அதன் பின்னால் வலது கை, டைசன் நெருங்கினால் ஒரு பிடி. எட்டாம் சுற்றில் டைசனின் அப்பர்கட்டில் டக்ளஸ் விழுந்து, எழுந்து, பத்தாம் சுற்றில் முடித்தார். டைசன் மண்டியிட்டுப் பல் கவசத்தைத் தேடி எடுத்து, அதைக் கோணலாக வாயில் கவ்வியபடி எழ முயன்றதை மறக்க முடியவில்லை. சரி, அது 1988 டைசன் அல்ல. பயிற்சியாளர் கெவின் ரூனி போன பிறகு தலை அசைவு குறைந்து, குத்துகள் ஒற்றை ஒற்றையாக வந்த டைசன். டக்ளஸ் கண்ட வழியில் அலியும் போகலாம் என்பேன். ஆனால் அந்த வழி 1988 டைசனிடம் இன்னும் குறுகலாக இருக்கும். டைசன் களைத்துவிடுவார் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஹோசே ரிபால்டாவைப் பத்தாம் சுற்றிலும் டைரல் பிக்ஸை ஏழாம் சுற்றிலும் நிறுத்தியவர் அவர்.

என் வாதத்தில் பலவீனமான கண்ணியும் இந்தப் பிடிதான். பிடரியை அமுக்கும் வித்தையை அலி முழுதாக வளர்த்துக்கொண்டது 1970க்குப் பிறகு. 1967இல் கால்களே போதுமாக இருந்தன. தேவை வந்தால் அன்றும் செய்திருப்பார் என்பது என் ஊகம். நடுவர் கண்டிப்பானவராக இருந்து, பிடிக்கப் பிடிக்கப் புள்ளியைக் கழித்தால் கதை மாறும். 15 சுற்று என்றால் எனக்குத் தயக்கமே இல்லை, 11 அல்லது 12ஆம் சுற்றில் அலி நிறுத்துவார். 12 சுற்றுதான் என்றால், ஒருமுறை விழுந்து எழுந்து, நெருக்கமான புள்ளிகளில் அலி.

பட்டம் பறிக்கப்பட்டு மூன்றரை ஆண்டுகள் ரிங்குக்கு வெளியே இருந்துவிட்டு வந்த 1971 அலியை அந்த டைசனுக்கு எதிரே நிறுத்தினால், நான் டைசன் பக்கம் போய்விடுவேன். அந்த மார்ச்சில் கால் நின்றுபோன சுற்றுகளில் அவர் கயிற்றில் சாய்ந்து ஃப்ரேசியரிடம் வாங்கியதை டைசனிடம் வாங்கினால் 15ஆம் சுற்று வராது.