காசிமேட்டுக் காற்றில் பசை நெக் தாங்குமா? செட் நெக் கிட்டார் – நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

செட் நெக் கிட்டார், அதாவது நெக்கை (கை பிடித்து வாசிக்கும் கழுத்துப் பகுதி) உடலில் பசையால் ஒட்டிய கிட்டார் ஒன்று, செகண்ட் ஹாண்டில் பாதி விலைக்கு வருகிறதாம். நண்பருக்குக் காசிமேட்டில் கடலை ஒட்டி வீடு. பசை விட்டுவிடாதா என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் அடங்குகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது லெஸ் பால் என்ற எலக்ட்ரிக் கிட்டார் வடிவம். உடலும் நெக்கும் மஹோகனி, 24.75 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). கம்பெனி பெயர் வேண்டாம். பிக்கப் (கம்பி அதிர்வை வாங்கும் காந்தம்), டோன் எல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. நெக் உடலில் சேரும் ஹீலைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பசை தாங்கும். 10–46 கம்பி செட் (அங்குலத்தின் ஆயிரத்தில் 10 முதல் 46 பங்கு கனம்) ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் மொத்தமாக இழுப்பது சுமார் 45 கிலோ. டைட்பாண்ட் ஒரிஜினல் போன்ற மஞ்சள் மரப்பசை, நன்றாகப் பொருந்திய மரத்தில், சதுர அங்குலத்துக்கு 3600 பவுண்டு தாங்கும் என்பது அதன் டேட்டா ஷீட்டில் உள்ள கணக்கு. இழுத்துப் பிரித்தால் பக்கத்து மரம்தான் கிழியும், பசைக்கோடு அப்படியே நிற்கும். இந்த வகை கிட்டார்களில் உடைவது பெரும்பாலும் ஹெட்ஸ்டாக்தான், அதாவது ட்யூனிங் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி. அங்கே மரம் பின்னால் சாய்கிறது, மரத்தின் ரேகை (நார் ஓடும் திசை) குறுக்கே வெட்டுப்படுகிறது, போதாததற்கு ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) நட்டுக்காக ஒரு குழியும் தோண்டியிருப்பார்கள்.

ஹீல் ஏன் தாங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். நெக்கின் அடியில் ஒரு மரநாக்கு நீண்டிருக்கும், அது உடலில் குடைந்த பள்ளத்துக்குள் உட்காரும். பிடிப்பு நாக்கின் இரண்டு பக்கங்களிலும் அடியிலும் இருக்கிறது. அங்கே ரேகையோடு ரேகை ஒட்டுகிறது. நாக்கின் முனை வெறும் வெட்டுமுகம், அதில் பசை பெரிதாகப் பிடிக்காது. பள்ளத்தின் முனையில் சிறிது இடைவெளி தெரிந்தால் அதனால்தான் கவலை வேண்டாம் என்கிறேன். இன்னொன்று, நெக் ரேகையும் உடல் ரேகையும் ஒரே திசையில் ஓடுகின்றன. மரம் ஈரத்தில் உப்புவது ரேகைக்குக் குறுக்கே, நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டும் சேர்ந்தே உப்பும், சேர்ந்தே சுருங்கும்.

சேர்ந்து அசையாதது பாலிஷ். பாலியூரித்தேன் பூச்சு கெட்டியான ஓடு, மரத்தோடு நீளாது. அதனால் ஹீலைச் சுற்றி முடி கனத்தில் ஒரு கோடு விழும். இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். கடைக்காரர்கள் சிலரும் இந்தக் கோட்டைக் காட்டித்தான் காசு பார்க்கிறார்கள்.

கோடு வெறும் பூச்சில்தானா, இணைப்பிலேயேவா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். பைக் மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.05 மி.மீ. தகட்டை எடுத்துக் கோட்டில் வையுங்கள். உள்ளே போகவில்லை என்றால் பெரும்பாலும் பூச்சுதான். அடுத்து, கம்பியை ட்யூன் செய்து, முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) கேப்போ என்ற கம்பி அழுத்தும் கிளிப் போட்டு, கடைசி ஃபிரெட்டை அழுத்தி, 7-ஆம் ஃபிரெட் அருகே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 0.2 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். கூடவே 12-ஆம் ஃபிரெட்டில் கம்பி உயரத்தையும் குறியுங்கள். சில வாரம் கழித்து மறுபடி அளந்தால், முதல் அளவு மாறாமல் இரண்டாவது மட்டும் ஏறியிருந்தால், பிரிட்ஜையும் (உடலில் கம்பியைத் தாங்கும் பாகம்) யாரும் தொடவில்லை என்றால், நெக் சாய்கிறது என்று பொருள். ஹீலில் வெறும் 0.1 டிகிரி சாய்ந்தாலே 12-ஆம் ஃபிரெட்டில் சுமார் 0.2 மி.மீ. ஏறும். விரல் உடனே கண்டுபிடித்துவிடும். ட்ரஸ் ராடைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. அது நெக்கின் வளைவை மாற்றும், உடலோடு அது நிற்கும் கோணத்தைத் தொடாது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். என் கிட்டாரில் இருந்தது பூச்சுக் கோடு மட்டும். செட்டப்புக்காகக் கொடுத்த கடையில், கேட்காமலேயே, அந்தக் கோட்டில் எபாக்ஸியை ஊற்றி, மேலே பஃப் போட்டுத் திருப்பித் தந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பசை இணைப்பின் மிகப்பெரிய நன்மையே அதைத் திரும்பப் பிரிக்கலாம் என்பதுதான். பழைய வஜ்ஜிரமும் (விலங்குத் தோல் பசை) மஞ்சள் பசையும் சூட்டிலும் ஈரத்திலும் இளகும். எபாக்ஸி நீராவிக்கு எளிதில் மசியாது, நேரடிச் சூடு வேண்டும், அதற்குள் பூச்சு கொப்பளித்துவிடும். ஃபெவிக்விக் வகையும் இங்கே கூடாது. மரத்தின் துளைகளில் ஏறி அடைத்துவிட்டால் பிறகு எந்த மரப்பசையும் உள்ளே போகாது. வெள்ளை ஃபெவிகால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் அருமையான பொருள். ஆனால் இரவும் பகலும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் கம்பிக்கு, வெள்ளைப் பசை மெல்ல மெல்ல நழுவிக் கொடுக்கும்.

இணைப்பு உண்மையிலேயே ஆடினால் செய்ய வேண்டியது இது. கம்பியையும் நெக் பிக்கப்பையும் கழற்றுங்கள். நாக்கு நீளமாக இருந்தால் அந்தக் குழியிலேயே அதன் முனை தெரியும். நெக்கைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், ஹீலுக்கு மேலே உள்ள ஒரு ஃபிரெட்டைப் பிடுங்கி, அந்தக் காடியில் 2 மி.மீ. துளை போட்டு, நாக்கின் முனை இடைவெளிக்குள் ஊசிவழி ஆவி விட வேண்டும். அதிகம் விட்டால் ஃபிரெட்போர்டும் சேர்ந்து பெயரும், லாக்கர் பூச்சு வெளுக்கும். பழகாத கைக்கு இது வேண்டாம்.

நெக் வந்ததும் பழைய பசையை மரம் தெரியும்வரை எடுக்க வேண்டும். காய்ந்த மஞ்சள் பசைமேல் புதியது பிடிக்காது. வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றினால் இளகும், கூர் உளியால் வழித்துவிடலாம். பிறகு ஒரு நாள் காயவிடுங்கள். நாக்கு பள்ளத்தில் லொடலொட என்றால் பசையால் நிரப்பாதீர்கள். 0.5 மி.மீ. மஹோகனி வினீரை (மெல்லிய மரத்தகடு) ரேகை பார்த்து நாக்கின் பக்கத்தில் ஒட்டி, சீவிச் சீவிப் பொருத்துங்கள். பசையே இல்லாமல் நெக்கைப் பிடித்துத் தூக்கினால் உடல் கூடவே வர வேண்டும். அதுவரை பசை டப்பாவைத் திறக்கக் கூடாது. ஃபிரெட்கள்மேல் நீள ரூலர் வைத்து, அது பிரிட்ஜின் உச்சியை ஒட்டிப் போகிறதா, நடுக்கோடு விலகவில்லையா என்றும் பாருங்கள்.

பசை போட்ட பிறகு கையில் இருப்பது நாலைந்து நிமிடம், நம் ஊர் வெயிலில் அதைவிடக் குறைவு. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் எஃப் கிளாம்ப் இரண்டு, ஹீல் வளைவுக்கு ஏற்ற கட்டை, ஈரத்துணி எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும். அரை மணி நேரத்தில் கிளாம்ப் எடுக்கலாம், 24 மணி நேரம் போனால் கம்பி மாட்டலாம் என்று டப்பா சொல்லும். மழைக்காலத்தில் மூன்று நாள் விடுங்கள். இந்தப் பசை காய்வதே தண்ணீர் வெளியேறுவதால்தான். வெளிக்காற்றே நசநசவென்றிருக்கும்போது அது மெதுவாகத்தான் போகும்.

கடற்காற்றைவிட நான் அஞ்சுவது சூட்டை. மஞ்சள் பசை 65 டிகிரி அருகே இளகத் தொடங்கும். கத்திரி வெயிலில் மூடிய காரின் டிக்கியில், கறுப்பு கேஸுக்குள், கம்பி முறுக்கோடு கிட்டாரை விட்டால் அந்த எல்லை தூரமில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே பைக்கில் கொண்டு போவதையும் இந்த ஹீல் தாங்குகிறது. ஹெட்ஸ்டாக்குக்குத்தான் நல்ல ஹார்டு கேஸ் வேண்டும்.

ஹீலைச் சீவி மெலிதாக்கியிருப்பதால் கை 17-ஆம் ஃபிரெட்வரை எதிலும் இடிக்காமல் வழுக்கிப் போகிறது. அந்தச் சுகத்துக்காகவே இதை நான் விற்கமாட்டேன். ஆனாலும் நண்பருக்குச் சொல்வது: போல்ட் நெக், அதாவது நெக்கைத் திருகால் மாட்டிய கிட்டார், வாங்குங்கள். அதில் நாலு திருகைக் கழற்றினால் யார் செய்த கோளாறையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இதில் முடியாது. இல்லை, செட் நெக்தான் வேண்டும் என்றால், போகும்போது டார்ச்சும் ஃபீலர் கேஜும் எடுத்துப்போய், நெக் பிக்கப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஹீல் கோட்டில் கண்ணாடி போலப் பளபளப்பாக எதுவும் உறைந்திருந்தால் அது எபாக்ஸியாக இருக்கலாம். இன்னும் விலையைக் குறைத்தாலும் எடுக்காதீர்கள்.